முடிசூடா மன்னரின் பேனாக்கத்தி

'முடிசூடா மன்னர்' என்பது தமிழில் ஒரு புகழ்ச்சொல். பட்டமும் பதவியும் இல்லாமலேயே மக்கள் மனத்தில் கோலோச்சுகின்றவரை அவ்வாறு அழைப்பது மரபு. ஆயினும், அச்சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்தும்படியான மன்னர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் இருந்தார். அவருக்குப் பேரரசு இருந்தது, அரியணை இருந்தது, முடிசூட்டு விழாவுக்கு நாளும் குறிக்கப்பட்டிருந்தது. முடி மட்டும் அவர் தலையில் ஏறவில்லை. இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட் மன்னரே அவர். அவருடைய முகத்தையும், நடவாமற்போன அந்த விழாவின் நாளையும் தாங்கிய சிறு பேனாக்கத்திகள் இன்றும் பழம்பொருள் சந்தைகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அக்கத்தியைக் கையில் எடுப்பவர் உள்ளத்தில் ஒரு கணக்கு உடனே எழும். நடக்காத விழாவுக்கென்று செய்த பொருள்; ஆகவே அது அரிய பொருள்; ஆகவே அது பெருவிலை பெறும். இந்த மூன்றில் முதற்கூற்று மட்டுமே மெய். மற்ற இரண்டும் ஏன் பொய்த்தன என்பதை அறிய வேண்டுமானால், விரலளவே உள்ள ஒரு கருவியின் உடலை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்க வேண்டும். நினைவுக் கத்தி ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள்கள் உண்டு. ஒன்று, பிடியின்மேல் எல்லாரும் காண எழுதப்பட்டிருப்பது. அது விழாவின் நாள். மற்றொன்று, அலகின் அடியிலும் ஆணியிலும் உட்தகட்டிலும் ஒளிந்திருப்பது. அது கத்தி பிறந்த நாள். முன்னதை எவரும் எழுதிவிடலாம். பின்னதை மாற்றி எழுதுவது எளிதன்று. இவ்விரண்டும் தம்முள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்தான் அக்கத்தியை இனங்காணும் வேலையும் மதிப்பிடும் வேலையும் அடங்கியிருக்கின்றன.

1936 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தார். மூத்த மகன் எட்வர்ட் அரசுரிமை ஏற்றார். முடிசூட்டு விழா 1937 மே 12 ஆம் நாள் நடைபெறும் என்று 1936 மே மாத இறுதியிலேயே பறைசாற்றப்பட்டது. வணிகர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கையில் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1935 இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா பேரரசெங்கும் கொண்டாடப்பட்டிருந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் அதற்கு விலக்கல்ல. நீரிணைக் குடியேற்ற மாநிலங்களின் பெயரால் வெள்ளிவிழா அஞ்சல்தலைகளும் அவ்வாண்டில் வெளிவந்தன. அரச விழா என்றால் கோப்பையும் தட்டும் தகரப்பெட்டியும் கைக்குட்டையும் எவ்வளவு விற்கும் என்பதை உற்பத்தியாளர்கள் கண்கூடாகக் கண்டு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆகவே, புதிய மன்னரின் முகத்தை அச்சில் ஏற்ற அவர்கள் காலம் தாழ்த்தவில்லை.

பின்னர் நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. வாலிஸ் சிம்ப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணக்க எட்வர்ட் விரும்பினார். முன்னரே மணவிலக்குப் பெற்றவர் அவர். இரண்டாம் கணவரிடமிருந்தும் விலகிக்கொண்டிருந்தார். அமைச்சரவையும் திருச்சபையும் இணங்கவில்லை. 1936 டிசம்பர் 10 ஆம் நாள் எட்வர்ட் துறவு ஆவணத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் அது சட்டமாயிற்று. பதினொரு மாதங்கள்கூட நிறையாத ஆட்சி அது. தம்பி, ஆறாம் ஜார்ஜ் என்னும் பெயருடன் மன்னரானார். விழாவின் நாளை மட்டும் அரசு மாற்றவில்லை. அண்ணனுக்குக் குறித்த அதே மே 12 ஆம் நாளில் தம்பி முடி சூடினார்.

கோப்பை செய்தவனுக்கு இது பேரிடி. சுட்ட மண்ணில் பதிந்த முகத்தை அழிக்க வழியில்லை. கத்தி செய்தவனின் நிலை சற்றே வேறு. பேனாக்கத்தியின் அலகுகளும் முதுகில் உள்ள வில்லும் பித்தளை உட்தகடுகளும் எந்த மன்னருக்கும் பொதுவானவை. பக்கத்திற்கு ஒன்றாக ஒட்டிய மேல்தகட்டில் மட்டுமே மன்னர் இருக்கிறார். மேல்தகடு மாறினால் மன்னரும் மாறிவிடுவார். ஒரே நாளைத் தாங்கி, ஒரே சட்டகத்தில், இரு வேறு மன்னர்களின் முகங்களோடு 1937 ஆம் ஆண்டுக் கத்திகள் காணப்படுவது இதனால்தான். அரசியல் நெருக்கடியொன்று ஒரு மெல்லிய தகட்டின் மாற்றமாகக் குறுகிப்போன வேடிக்கை இது.

முன்னரே விற்றுப்போன எட்வர்ட் கத்திகளை மக்கள் எறிந்துவிடவில்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 'நடக்காத விழாவின் நினைவுப்பொருள் பிற்காலத்தில் பொன்னாகும்' என்னும் எண்ணம் 1936 டிசம்பரிலேயே பரவிவிட்டது. கிடங்கில் மிஞ்சிய சரக்கையும் அந்த எண்ணமே விற்றுத் தீர்த்தது. விளைவு என்ன? வாங்கியவர் பலரும் பயன்படுத்தாமல் பாதுகாத்தனர். பலரும் பாதுகாத்த பொருள் அரிதாவதில்லை. ஆறாம் ஜார்ஜின் கத்தியோ பையன்களின் காற்சட்டைப் பைக்குள் சென்றது. பென்சில் சீவியது, நூல் அறுத்தது, ஆப்பிள் நறுக்கியது, சேற்றில் விழுந்து துருப்பிடித்தது, முனை ஒடிந்து குப்பைக்குப் போயிற்று. பழுதின்றி, பெட்டியோடும் காகிதத்தோடும் கிடைக்கும் கத்தியைத் தேடுகின்றவருக்கு, முடிசூடாத அண்ணனைவிட முடிசூடிய தம்பியே எளிதில் அகப்படாதவராகிவிடுவதும் உண்டு. மக்கள் எதை அரிது என்று நம்பிக் காத்தார்களோ அது மலிந்தது. எதை எளிது என்று எண்ணித் தேய்த்தார்களோ அது அருகிற்று.

இவ்வகைப் பிழைக்கு இது முதல் எடுத்துக்காட்டும் அன்று. எட்வர்டின் பாட்டனார் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 ஆம் நாள் நடைபெறுவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக மன்னர் குடல்வால் அழற்சியால் அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். விழா ஆகஸ்டு 9 ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. நினைவுப்பொருள்களோ ஜூன் 26 என்னும் நாளுடன் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. அதனால் அவ்விழாவின் நினைவுப்பொருள்களில் தவறான நாளைத் தாங்கியவையே மிகுதி. சரியான நாளைத் தாங்கியவையே குறைவு. ஜூன் 26 என்று எழுதியிருப்பதைக் கண்டு 'பிழையுள்ள அரும்பொருள்' என்று மகிழ்கின்றவர், பெரும்பான்மையைக் கையில் வைத்துக்கொண்டு சிறுபான்மை என்று எண்ணுகின்றவர் ஆவார்.

பிடியின் கூற்றை நம்பலாகாது என்றால், வேறு எதை நம்புவது? அதற்குக் கத்தியின் ஊரையும் குலத்தையும் அறிய வேண்டும்.

பேனாக்கத்தி என்னும் பெயரே ஒரு வரலாறு. பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அந்த இறகின் முனையைத் திருத்துவதற்கென்று எழுதுவோர் வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போய் எஃகு முள் வந்தது; முள்ளும் போய் உருளைமுனைப் பேனா வந்தது. கத்தி மட்டும் பழைய பெயரை விடவில்லை. தமிழும் அப்பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. பேனாவைச் சீவாத ஊரிலும் அது பேனாக்கத்திதான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஷெஃபீல்டு நகரம் இக்கத்திகளின் தாயகம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. அருகிலேயே சாணைக்கல்லுக்கு ஏற்ற மணற்கல்லும் கிடைத்தது. 14 ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைமாந்தன் ஒருவனின் காலுறைக்குள் ஷெஃபீல்டுக் கத்தியொன்றைச் செருகி வைத்திருக்கிறார் என்றால், அந்நகரின் பெயர் எவ்வளவு முற்பட்டது என்பது விளங்கும். 1624 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகம் நிறுவப்பட்டது. தொழில் செய்வோர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியைப் பதிவு செய்து, தாம் செய்த அலகில் அதைப் பொறிக்க வேண்டும் என்பது கழகத்தின் ஒழுங்கு. செய்தவன் யார் என்பதை இரும்பே சொல்லும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

அக்குறிகளுள் பெரும்புகழ் பெற்றது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும். 1682 இல் பதிவான குறி அது. மற்றொன்று ஜார்ஜ் உவாஸ்டன்ஹோம் நிறுவனத்தின் 'ஐ எக்ஸ் எல்'. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளையும் சேர்த்து ஒலித்தால் 'நான் விஞ்சுகிறேன்' என்று பொருள்படும். தற்பெருமையை மூன்றே எழுத்தில் அடக்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

நினைவுக் கத்திகளின் உச்சத்தை ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822 இலேயே எட்டிவிட்டது எனலாம். நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்குக் கத்தி செய்வோர் என்னும் சிறப்பை அவ்வாண்டில் பெற்ற அந்நிறுவனம், 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்தது. ஆண்டுக் கத்தி என்பது அதன் பெயர். அதன்மேல் ஆண்டு எழுதப்படவில்லை. அலகுகளை எண்ணினால் ஆண்டு கிடைக்கும். காலம் செல்லச் செல்ல அதில் புதிய அலகுகளும் சேர்க்கப்பட்டன. 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கென்று அதே நிறுவனம் செய்த நார்போக் கத்தி வேறொரு விந்தை. 75 அலகுகளும் கருவிகளும் விரிந்து நிற்க, பிடியெங்கும் முத்துச்சிப்பி ஒளிர, அது கத்தியா சிற்பமா என்று ஐயுறும்படி அமைந்தது. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் மன்றத்தில் அது காக்கப்படுகிறது. இவ்விரண்டும் விலைக்கு வருவன அல்ல. நினைவுக் கத்தி என்பது ஒருகாலத்தில் தொழிலாளியின் ஆற்றலை நினைவூட்டியதே தவிர, மன்னரின் முகத்தை அன்று என்பதற்கு இவை சான்று.

இனி, எளியோர் கைக்கு வந்த கத்திகளைப் பார்ப்போம். அலகை முழுவதும் விரித்து, அது பிடிக்குள் புகுந்து ஆணியில் சுழலும் தடித்த அடிப்பகுதியை ஒரு கைக்கண்ணாடியால் நோக்க வேண்டும். முத்திரை அங்கேதான் உள்ளது. செய்தவன் பெயரோடு நாட்டின் பெயரும் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890 இல் நிறைவேறியது. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்னும் அதன் விதி 1891 முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே, ஊர்ப்பெயருக்குக் கீழே 'இங்கிலாந்து' என்னும் சொல் இருந்தால், அக்கத்தி பெரும்பாலும் 1891 க்குப் பிற்பட்டது. இதைத் தலைகீழாக்கிச் சொல்வது பிழை. உள்நாட்டில் விற்கச் செய்த கத்திகளில் அச்சொல் பின்னரும் விடுபட்டதுண்டு. விக்டோரியா அரசியாரின் 1887 ஆம் ஆண்டுப் பொன்விழாவைக் கொண்டாடும் கத்தியில் 'இங்கிலாந்து' என்று காணப்பட்டால், பிடிக்கும் அலகுக்கும் இடையே ஏதோ வழக்கு இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அரண்மனைச் சிறப்புப் பெற்ற நிறுவனங்களின் முத்திரையில் ஆட்சியாளரின் முதலெழுத்தும் இடம்பெறும். 'வி ஆர்' என்றால் விக்டோரியா. 'ஜி ஆர்' என்றால் எந்த ஜார்ஜ் என்பது புதிர்தான். 1830 இல் மறைந்த நான்காமவரா, 1910 இல் பட்டமேற்ற ஐந்தாமவரா? அருகில் 'இங்கிலாந்து' இருந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். 'அரசியாருக்குக் கத்தி செய்வோர்' என்றும் 'அரசருக்குக் கத்தி செய்வோர்' என்றும் எழுதுவதிலும் ஒரு நாட்காட்டி மறைந்துள்ளது. 1901 ஜனவரி முதல் 1952 பிப்ரவரி வரை இங்கிலாந்தை ஆண்டவர் அனைவரும் ஆண்களே. 1937 ஆம் ஆண்டு விழாக் கத்தியில் 'அரசியாருக்கு' என்று காணப்பட்டால், அலகு வேறொரு கத்தியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

முத்திரையைவிட உறுதியான சான்று உலோகத்திலேயே உண்டு. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரேர்லி 1913 இல் குரோமியம் கலந்து துருவேறா எஃகை உருவாக்கினார். கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவரே 'கறைபடாதது' என்னும் பொருளில் அதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். ஆக, 1911 ஜூன் 22 இல் முடிசூடிய ஐந்தாம் ஜார்ஜின் கத்தியில் துருவேறா எஃகு அலகு இருக்க இயலாது. இருந்தால், அலகு பின்னர் மாற்றப்பட்டது. அல்லது கத்தியே பின்னர் செய்யப்பட்டது. கரி எஃகு அலகில் காலப்போக்கில் படியும் சாம்பல் நிறம் சேகரிப்பாளருக்கு மகிழ்ச்சி தருவது. பளபளப்பு ஐயம் தருவது.

வெள்ளி அலகுள்ள பழக்கத்திகள் தனி வகை. பழச்சாற்றின் புளிப்பு எஃகைக் கறைப்படுத்தும் என்பதால் செல்வர் வீட்டு மேசைகளில் வெள்ளி அலகு பயன்பட்டது. இவற்றை மதிப்பிடுவோர்க்கு வேலை எளிது. வெள்ளியின் மாற்றை உரைத்துப் பார்த்து முத்திரையிடும் அலுவலகம் ஷெஃபீல்டில் 1773 இல் அமைந்தது. நடந்து செல்லும் சிங்கம் தூய்மையைக் காட்டும். மகுடம் ஷெஃபீல்டைக் காட்டும். ஆண்டுக்கு ஓர் எழுத்து காலத்தைக் காட்டும். மகுடம் 1975 இல் ரோஜா மலராக மாறியது. 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஆட்சியாளரின் தலையும் பொறிக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவையொட்டி மன்னர், அரசியார் இருவர் தலைகளையும் இணைத்த சிறப்பு முத்திரை ஒன்றும், இரண்டாம் எலிசபெத்தின் 1953 ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவையொட்டி மற்றொன்றும் வழங்கின. கொண்டாட்டத்தின் நாளும் பிறந்த நாளும் உலோகத்திலேயே ஒன்றுபட்டு நிற்கும் கத்திகள் இவை. நினைவுக் கத்திகளுள் மிக நேர்மையானவை எனில் இவற்றைத்தான் கூற வேண்டும்.

பிடியும் பேசாமல் இருப்பதில்லை. தந்தம், முத்துச்சிப்பி, மாட்டெலும்பு, மான் கொம்பு ஆகியன பழைய பிடிகள். ஷெஃபீல்டு விரும்பி வாங்கிய மான் கொம்பு இந்தியக் காடுகளிலிருந்து சென்றது. தமிழில் மிளா என்றும் கடமான் என்றும் வழங்கும் விலங்கின் கொம்பு அது. ஆண்டுதோறும் தானே உதிர்வது, உள்ளீடு திண்மையானது, ஆகவே ஆணி அடித்தாலும் பிளவாது. ஆங்கிலேயனின் சட்டைப்பையில் கிடந்த கத்தியின் பிடி, இந்திய மலைக்காட்டு மானின் தலையில் முளைத்ததாக இருக்கலாம் என்பதை நினைவு விழாக்கள் எதுவும் நினைவுகூரவில்லை.

மலிவான நினைவுக் கத்திகளுக்குச் செல்லுலாய்டும் அச்சில் அழுத்திய உலோகத் தகடும் பயன்பட்டன. செல்லுலாய்டில் வண்ணப் படம் பதிக்கலாம். மன்னரின் மார்புப் பதக்கம்வரை தெளிவாகத் தெரியும். ஆனால் அது தன்னைத் தானே தின்னும் பொருள். நைட்ரேட்டு கலந்த செல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த அக்கலவை, காலம் செல்லச் செல்லச் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். அலகுகள் மூடிய நிலையில் அந்த ஆவி இரும்பை அரிக்கும். வெளியே மன்னர் புன்னகை மாறாமல் இருப்பார். உள்ளே அலகுகள் பொடிந்துகொண்டிருக்கும். இத்தகைய கத்தியைப் பிற கத்திகளோடு ஒரே பெட்டியில் அடைத்து வைப்பது, நோயாளியை நலமானவர்களோடு ஒரே அறையில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

தந்தப் பிடியின் நிலை வேறு வகையில் மாறிவிட்டது. ஒருகாலத்தில் விலையை உயர்த்திய அதே தந்தம் இன்று விலையையே இல்லாமற் செய்கிறது. சிங்கப்பூரில் யானைத் தந்தத்தை உள்நாட்டில் விற்பது 2021 செப்டம்பர் முதல் தடை செய்யப்பட்டது. ஷெஃபீல்டு இருக்கும் பிரிட்டனிலேயே 2018 இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடப்புக்கு வந்தது. சில குறுகிய விலக்குகள் தவிர, பழமையும் அங்கே காப்பாற்றாது. தாத்தாவின் தந்தக் கத்தியைப் பேரன் வைத்திருக்கலாம். சந்தைக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். யானைகளை எண்ணிப் பார்த்தால் இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் அரச விழாக் கத்திகள் அனைத்தும் பழைய நிறுவனங்களிலிருந்து வந்தன என்பதும் இல்லை. ஷெஃபீல்டின் பெயரையே போலியாகப் பொறித்த ஜெர்மானியக் கத்திகளின் வரவால் எழுந்த கூக்குரல்தான் 1887 ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குத் தூண்டுகோல்களுள் ஒன்றாயிற்று. காலத்தின் விளையாட்டு, 1930 களில் ஜெர்மனியின் ஜோலிங்கன் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பமே ஷெஃபீல்டில் ரிச்சர்ட்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்தியது. இயந்திரத்தால் பெருமளவில் செய்யப்பட்ட அதன் மலிவுக் கத்திகள் இங்கிலாந்துப் பையன்களின் தலைமுறையொன்றுக்குத் தோழர்களாயின. அவற்றில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டுக் கத்திகளும் உண்டு. இவற்றின் விலை மிகக் குறைவு. எனினும், ஒரு சிறுவனின் பையிலிருந்து எழுபது ஆண்டு கடந்து வந்த பொருள் என்னும் வகையில், கண்ணாடிப் பேழைக்கென்றே செய்த கத்தியைவிட இதில் வரலாறு மிகுதி.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. பென்சில்வேனியாவின் பிராட்போர்டில் உள்ள கேஸ் நிறுவனம், 1970 முதல் தன் கத்திகளின் அலகடியில் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தது. 1970 இல் பத்து. 1971 இல் ஒன்பது. 1979 இல் ஒன்றே ஒன்று. பிறந்த ஆண்டை மறைக்காத இந்த ஒழுங்கு சேகரிப்பாளர்களின் கூட்டத்தையே உருவாக்கிற்று. ஆனால், கூட்டம் உருவானதும் அதற்கென்றே கத்திகள் பிறக்கத் தொடங்கின. 1974 இல் கென்டக்கி மாநிலத்தின் 200 ஆண்டு நிறைவையொட்டியும், 1976 இல் அமெரிக்க விடுதலையின் 200 ஆண்டு நிறைவையொட்டியும் எண்ணிட்ட கத்திகள் பல வெளிவந்தன. பிடியின் நாளும் பிறந்த நாளும் இங்கே ஒத்துப்போகின்றன; போலி எதுவும் இல்லை. ஆனாலும் இவ்வகைக் கத்திகளை வாங்கியோர் எதிர்பார்த்த உயர்வு பெரும்பாலும் வரவில்லை. காரணம், எட்வர்டின் கத்திக்குச் சொன்ன அதே காரணம்தான். 'குறைந்த எண்ணிக்கை' என்று பெட்டியில் அச்சிட்டு விற்ற கத்தியை எவனும் தொலைப்பதில்லை. செய்த எண்ணிக்கை அன்று, எஞ்சிய எண்ணிக்கையே அருமையைத் தீர்மானிக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் மதிப்பிடுதல் மந்திர வித்தையாகத் தோன்றாது. அலகு தன் முழு நீளத்தோடு இருக்கிறதா என்பது முதன்மை. பல்லாண்டு தீட்டிய அலகு ஒல்லியாகித் தன் கத்தியிலேயே விருந்தினர்போல் நிற்கும். அதன் விலை பாதிக்கு மேல் போய்விடும். விரிக்கும்போதும் மூடும்போதும் முதுகுவில் 'டக்' என்று ஒலித்து அலகைப் பற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டு அலகுகள் இருப்பின் இரண்டின் நிறமும் முத்திரையின் தேய்வும் ஒத்திருக்க வேண்டும். தறையாணியின் தலை புதிதாகப் பளபளத்தால் கத்தி ஒருமுறை பிரிக்கப்பட்டது என்று அறியலாம். எண்பது ஆண்டு சட்டைப்பையில் உரசிய பிடியில் எழுத்துகள் மேடான இடங்களில் மழுங்கியும் பள்ளங்களில் அழுக்கேறியும் இருக்கும். பள்ளமும் மேடும் ஒரே மாதிரி மின்னுமானால், பழமை நேற்றுத்தான் பூசப்பட்டது.

எல்லாவற்றிலும் கொடியது, வீட்டாரின் நல்லெண்ணம். விற்பதற்கு முன் 'கொஞ்சம் துலக்கிக் கொடுப்போம்' என்று உப்புத்தாளும் சாணையும் எடுக்கின்றவர், எண்பது ஆண்டுச் சான்றை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுகிறார். முத்திரை மங்குகிறது, கரி எஃகின் நிறம் போகிறது, வாங்க வந்தவருக்கு எது உண்மை என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு துளி எண்ணெயும் மெல்லிய துணியும் போதும். விலையை விசாரிப்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கேட்கும் விலை வேறு. ஏலத்தில் உண்மையில் கைமாறிய விலை வேறு. எட்டாம் எட்வர்டின் கத்திக்கு 'மிக அரிது' என்று சீட்டு ஒட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கடைக்காரர் கேட்பது முன்னது.

கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்தால் நட்பு அறும் என்பது ஆங்கிலேயரின் நம்பிக்கை. அதைத் தடுக்க, பெறுகின்றவர் ஒரு சிறு காசைத் திருப்பித் தருவார். அப்போது அது அன்பளிப்பன்று, விலைக்கு வாங்கியது. இங்கிலாந்தில் முடிசூட்டு விழாவையொட்டிச் சில ஊர்களில் பள்ளிப் பையன்களுக்குப் பேனாக்கத்தி இலவசமாக வழங்கப்பட்டபோது, அத்தனை பையன்களும் மன்னருக்குக் காசு கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

பிடியில் மன்னர் பெயர் இருக்கும். அலகில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். உண்மையில் அதைச் செய்தவனின் பெயர் எங்கும் இருப்பதில்லை. ஒருவன் அலகைக் காய்ச்சி அடித்தான். இன்னொருவன் சாணை பிடித்தான். மூன்றாமவன் வில்லையும் தகட்டையும் பிடியையும் கூட்டி இணைத்தான். சிறு அறைகளை வாடகைக்கு எடுத்து, பெரிய நிறுவனங்களின் பெயருக்காக உழைத்த இத்தொழிலாளர்களைச் சிறு முதலாளிகள் என்று ஷெஃபீல்டு அழைத்தது. முதலாளி என்னும் சொல் அவர்களுக்குக் கிடைத்தது, முதல் கிடைக்கவில்லை. சாணை பிடித்தோரின் நுரையீரலில் கல்தூசும் இரும்புத்தூசும் படிந்து, நடுவயதை எட்டுமுன் பலர் மாண்டதை 19 ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டு மருத்துவர்கள் எழுதிவைத்துள்ளனர்.

ராட்ஜர்சும் உவாஸ்டன்ஹோமும் 1971 இல் ஒன்றாயின. அவற்றின் பெயர்களும் குறிகளும் பின்னர் வேறு கைகளுக்குச் சென்றன. நட்சத்திரமும் சிலுவையும் இருப்பதனாலேயே ஒரு கத்தி பழையது என்று சொல்ல முடியாமற்போனதும் அப்போதிருந்துதான். பழைய முறையில் ஒரு பேனாக்கத்தியைத் தொடக்கம்முதல் முடிவுவரை தாமே செய்யத் தெரிந்தவர்களுள் இறுதியாக எண்ணப்பட்டவர் ஸ்டான் ஷா. சிறுவனாகத் தொழிலில் சேர்ந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2021 இல், 94 ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய கத்திக்காக வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அக்கத்திகளின் அலகடியில் எந்த மன்னரின் முதலெழுத்தும் இல்லை. அவர் பெயரே இருந்தது.